நிமிடத்துக்கு 165 சுற்று: ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு வீட்டில் கட்டிய நிலைக்காந்தக் காற்றாலை

கார் ஆல்டர்னேட்டரில் இறக்கையை மாட்டினால் காற்றாலை ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அதனால் முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2.4 மீட்டர் விட்டத்தில் மூன்று இறக்கை. காற்று நொடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். இறக்கையின் நுனி காற்றைவிட ஏழு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 165 சுற்றுதான் வரும். கார் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கவே ஆயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும், அது போக உள்ளே காந்தப்புலம் உண்டாக்க பேட்டரியிலிருந்தே இரண்டு மூன்று ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். பெல்ட்டோ பல்சக்கரமோ போட்டு வேகத்தைக் கூட்டலாமே என்றால், மெல்லிய காற்றில் கிடைக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அந்த உராய்வே தின்றுவிடும். என் பேட்டரி 24 வோல்ட், ஆக 165 சுற்றிலேயே அந்த 24-ஐத் தாண்டுகிற ஜெனரேட்டர் வேண்டும். கீழே வருகிற பெரும்பாலான அளவுகள் இந்த 165-லிருந்து பிறந்தவை.

இடம் ஆரல்வாய்மொழிப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இருக்கிற கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வருவதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வைகாசியில் பிடிக்கிற காற்று புரட்டாசி வரை விடாது. அந்த மாதங்களில் வானம் மூடிக் கிடந்து சோலார் பாதியாகக் குறையும்போது காற்று உச்சத்தில் இருக்கும் என்பதுதான் இதைக் கட்ட முழுக் காரணம். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற, காற்று இல்லாத ஊரில் இருப்பவர்கள் இந்தக் காசுக்கு இன்னும் இரண்டு பேனல் வாங்கி வைப்பதே நல்லது, இதைத் தயங்காமல் சொல்வேன்.

எவ்வளவு மின்சாரம் எதிர்பார்க்கலாம் என்பதையும் கட்டுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 2.4 மீட்டர் வட்டத்தின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். அதன் வழியாக நொடிக்கு 5 மீட்டரில் போகிற காற்றில் இருப்பது மொத்தமே சுமார் 340 வாட், 9 மீட்டரில் போனால் ஏறக்குறைய 2,000 வாட். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. எந்த ஆலையாலும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் செதுக்கிய இறக்கை, செம்பில் போகிற சூடு, மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டயோடில் போகிற வோல்ட் எல்லாம் கழித்து 25 சதவீதம் பேட்டரிக்கு வந்தால் அது நல்ல ஆலை. அதாவது 5 மீட்டரில் 85 வாட், 9 மீட்டரில் 500 வாட். இணையத்தில் இதே அளவு இறக்கையை '2 கிலோவாட்' என்று போட்டு விற்கிறார்கள், அந்த எண் எந்தக் காற்று வேகத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

வடிவம் புதிதல்ல. ஸ்காட்லாந்தில் ஸ்கோரைக் என்று ஒரு தீபகற்பம், பொது மின்கம்பி போகாத இடம், அங்கே பல பத்தாண்டுகளாகக் கையால் காற்றாலை கட்டிப் பிழைக்கிறார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறை இது. இரண்டு இரும்புத் தட்டுகள், இரண்டிலும் காந்தம், நடுவில் ரெசினில் வார்த்த காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள். சுழல்வது தட்டுகள், காயில் அசையாது. காயிலுக்குள் இரும்பே கிடையாது என்பதுதான் இதன் உயிர். இரும்புப் பல் வைத்த மோட்டாரைக் கையால் சுற்றினால் 'டக் டக்' என்று பிடித்துப் பிடித்து விடுமே, அந்தப் பிடிப்பு இதில் அறவே இல்லை, அதனால் இலை அசைகிற காற்றிலும் சுழலத் தொடங்கிவிடும்.

தட்டு 300 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் கனம், சாதாரண மைல்டு ஸ்டீல். லேத் பட்டறையில் அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே என்றார்கள். கூடாது. ஒரு காந்தத்திலிருந்து பக்கத்துக் காந்தத்துக்குப் புலம் திரும்பிப் போகிற பாதை அந்த இரும்புதான், அலுமினியம் போட்டால் பாதை அறுந்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் 46×30×10 மில்லிமீட்டரில் 12 நியோடிமியம் காந்தம், வடக்கு தெற்கு மாறி மாறி, மொத்தம் 24. எதிர்த் தட்டில் வடக்குக்கு நேரே தெற்கு வர வேண்டும். ஒரு காந்தத்தில் பெயின்ட்டால் குறி போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டிய ஒவ்வொன்றின் மேலும் காட்டிக்கொண்டே வந்தால் இழுக்கிறது, தள்ளுகிறது, இழுக்கிறது, தள்ளுகிறது என்று முறை தவறாமல் வரும். இடைவெளி சரியாக இருக்க பிளைவுட்டில் 12 குழி வெட்டிய அச்சு ஒன்று போதும். நடுவில் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு காரின் பின்சக்கர ஹப், அச்சோடு சேர்த்து. பேரிங் இரண்டும் புதிது. பழைய பேரிங்கில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், 12 மீட்டர் உயரத்தில் இருப்பதைத் திரும்பக் கழற்றுவது சாமானிய வேலை இல்லை.

இரண்டு தட்டையும் கிட்டே கொண்டுவருவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். காந்த முகங்களுக்கு நடுவே 15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்போதே இழுவிசை 200 கிலோவுக்கு மேல் வரும். விரல் நடுவில் இருந்தால் விரல் இருக்காது. அதனால் மேல் தட்டில் மூன்று துளை போட்டு மரை வெட்டி, நீளமான 10 மில்லிமீட்டர் திருகுக் கம்பிகள் மூன்றை ஏற்றி, அந்தக் கம்பி நுனிகளின் மேலேயே தட்டை நிறுத்தி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி மெல்ல இறக்க வேண்டும். கழற்றும்போதும் அதே கம்பிகள்தான். மேசையில் ஸ்பேனர், திருப்புளி ஒன்றும் கிடக்கக் கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி காயில். கம்பியை எத்தனை சுற்று சுற்றுவது என்று யாராவது சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் காந்தத்தின் தரம் வேறு, இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடலாம், தட்டின் கனம் மாறலாம். அதற்குப் பதில் 20 சுற்றில் ஒரே ஒரு சோதனைக் காயில் கட்டி, தட்டுகளுக்கு நடுவில் பிடித்து, தட்டை நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்று என்று கடிகாரத்தைப் பார்த்துக் கையாலேயே சுற்றி மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பார்த்தால் போதும். எனக்குக் கிடைத்தது 0.41 வோல்ட். அப்படியானால் கம்பியின் ஒரு சுற்றுக்கு 0.0205, வேகம் 165 ஆனால் 0.0564. சரி, தேவை எவ்வளவு? 24 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் ஏறத் தொடங்க 25 வோல்ட், டயோடுகளுக்கு 1.4, ஆக 26.4. இது உச்ச மதிப்பு, மல்டிமீட்டர் காட்டுகிற ஏசி அளவுக்கு மாற்ற 1.414-ஆல் வகுத்தால் இரண்டு லைனுக்கு நடுவே 18.7. காயில்களை மூன்று வரிசையாக (ஒவ்வொன்றும் ஒரு பேஸ்) பிரித்து, ஒவ்வொன்றின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்க்கிற ஸ்டார் இணைப்பு என்பதால் 1.732-ஆல் வகுத்தால் ஒரு பேஸுக்கு 10.8. ஒரு பேஸுக்கு மூன்று காயில் தொடராக, ஆகவே ஒரு காயிலுக்கு 3.6. அதை 0.0564-ஆல் வகுத்தால் 64. நான் 65 வைத்தேன். மல்டிமீட்டரும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் யாரும் போடலாம், இந்த ஒரு கணக்குதான் மொத்த ஆலையையும் உங்கள் ஊர்க் காற்றோடு பொருத்துகிறது. சுற்று குறைந்தால் மெல்லிய காற்றில் பேட்டரிக்கு ஒன்றும் வராமல் இறக்கை வெறுமனே ஓடும். கூடிப்போனால் மெல்லிய கம்பிதான் போட முடியும், காயில் சூடேறும், அதோடு பலமான காற்றில் இறக்கையை அது பிடித்து நிறுத்தப் பார்க்கும்.

12 காந்தத்துக்கு 9 காயில், மூன்று பேஸுக்கு நாலுக்கு மூன்று என்கிற விகிதம் நன்றாக ஒத்துவரும். கம்பி 17 கேஜ் எனாமல், இரட்டை இழை. ஒற்றைத் தடிக் கம்பியை வளைப்பது கஷ்டம், இடமும் வீணாகும். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் எடை போட்டுத் தருவார்கள், ஏறக்குறைய 4 கிலோ ஆகும். இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே 13 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நாலு ஆணி அடித்து, கைப்பிடி வைத்தால் சுற்றுகிற அச்சு தயார். காயிலின் நடு ஓட்டை காந்தத்தின் அளவு. சுற்றும்போது கம்பியை ஒரே இழுவையில் பிடித்திருக்க வேண்டும், தளர்ந்தால் கனம் 14, 15 என்று ஏறி, பிறகு தட்டுகளுக்கு நடுவில் நுழையாது. எல்லாக் காயிலையும் ஒரே திசையில் சுற்றி, தொடக்கம் எது முடிவு எது என்று நிறம் மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்டாவில், அதாவது மூன்று பேஸையும் முனையோடு முனை வளையமாக, இணைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், பேஸ்களுக்குள்ளேயே மின்சாரம் சுற்றி வந்து சூடாகப் போகும்.

வார்ப்புக்கு ரெசினும் கண்ணாடி நாரும் தேடி எங்கேயும் அலைய வேண்டியதில்லை. குமரிக் கடற்கரையில் பைபர் வள்ளம் கட்டுகிற, பழுது பார்க்கிற இடங்களில் எல்லாம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். "மழ ஈரத்துல ஊத்தாதீங்க அண்ணே, செட் ஆவாது" என்று அங்கே ஒரு தம்பி சொன்னது முழு உண்மை, நல்ல வெயில் நாளில்தான் ஊற்ற வேண்டும். பிளைவுட் அச்சில் மெழுகு தடவி, கீழே ஒரு அடுக்கு நார், மேலே ஒன்பது காயில், பிறகு டால்க் பவுடர் கலந்த ரெசின், மேலே இன்னொரு நார், மூடி போட்டு இறுக்கம். டால்க் சேர்ப்பது செலவைக் குறைக்க மட்டும் இல்லை, ரெசின் கெட்டிப்படும்போது வருகிற சூட்டையும் அது தணிக்கும். ஒரு எச்சரிக்கை. ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். காந்தத் தட்டுகளுக்கும் இதே ரெசின் வார்ப்புதான், நியோடிமியத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்து ஈரம் உள்ளே போனால் காந்தம் உப்பித் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

இறக்கை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குமிழ் தேக்கு எடுத்தோம். எடை குறைவு, வெயில் மழையில் முறுக்காது, உளிக்கு இணங்கும். "கணு இருந்தா அந்த எடத்துலதான் முறியும் தம்பி" என்று ஆசாரி அண்ணன் பலகை பலகையாகப் புரட்டிப் பார்த்துக் கழித்தார், நார் நுனி முதல் அடி வரை நேராக ஓடுகிற பலகை மட்டும்தான் அவர் ஒத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம், 45 மில்லிமீட்டர் கனம். அகலம் அடியில் 140, நடுவில் 100, நுனியில் 65. கோணம் அடியில் 16 டிகிரி, நடுவில் 7, நுனியில் 3. நுனி வேகமாக ஓடுவதால் அதன்மேல் காற்று ஏறக்குறைய முன்னாலிருந்தே மோதும், அடி மெதுவாக ஓடுவதால் பக்கவாட்டில் மோதும், அதனால்தான் இந்த முறுக்கு.

கோணத்தை டிகிரியில் சொன்னால் பட்டறையில் வேலை ஓடாது, மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். அகலத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் பலகையின் ஒரு விளிம்பு மற்றதைவிட எவ்வளவு இறங்க வேண்டும் என்று வந்துவிடும். அடியில் 40, நடுவில் 12, நுனியில் மூன்றரைதான். அந்தப் புள்ளிகளைப் பலகையின் ஓரத்தில் குறித்து, பென்சில் கோட்டால் இணைத்து, அந்தக் கோடு வரை இழைப்புளியால் இறக்கினால் முன்முகம் தானாக முறுக்கோடு வரும். பின்முகம் வளைவு. முன் விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி மிகத் தடிப்பாக இருக்க வேண்டும், அங்கிருந்து பின் விளிம்பு வரை சீராக மெலிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வர வேண்டும். பின் விளிம்பு தடித்தால் சத்தம் போடும், வேகமும் ஏறாது. ஆசாரி அண்ணன் முதல் இறக்கைக்கு என் அட்டை அச்சை வைத்து வைத்துப் பார்த்தார், மூன்றாவதற்கு அச்சைத் தொடவே இல்லை, உள்ளங்கையால் தடவிப் பார்த்தே சொன்னார், நான் அளந்து பார்த்தபோது சரியாக இருந்தது. அந்தக் கைக்கு எந்த மெஷினும் ஈடாகாது.

செதுக்கியதும் மூன்றையும் தராசில் நிறுத்து, எடையையும் பாரம் நிற்கிற இடத்தையும் சமப்படுத்தி, ஆளி விதை எண்ணெய் ஊற வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் பெயின்ட். ஹப்பில் மாட்டும்போது மூன்று நுனிகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஒன்றுபோல இருக்க வேண்டும். மாட்டிய பிறகும் காற்றில்லாத கொட்டகையில் சும்மா சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பார்த்து, எதிர்ப் பக்கம் சின்ன ஈயத் துண்டு வைத்துச் சரி பண்ண வேண்டும். சமநிலை தவறினால் கோபுரமே ஆடும்.

இந்த ஊர்க் காற்றில் ஆலை உயிரோடு இருப்பது வால் கையில்தான் இருக்கிறது. ஜெனரேட்டர் கோபுரத்தின் அச்சுக்கு நேரே இல்லை, பக்கவாட்டில் சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. காற்று தள்ளும்போது இறக்கை வட்டம் பக்கமாகத் திரும்பத்தான் பார்க்கும், வால் அதை நேராகப் பிடித்து வைத்திருக்கிறது. வாலின் கீல் நேராக நிற்காமல் 20 டிகிரி சாய்ந்திருப்பதால், வால் மடங்க வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். காற்று சுமாராக இருக்கும்வரை வாலின் எடை அதைக் கீழே வைத்திருக்கும். வேகம் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் காற்றின் தள்ளல் எடையை வென்று வால் மடங்கும், இறக்கை காற்றுக்கு ஓரம் காட்டித் திரும்பிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை, பூமியின் ஈர்ப்பு மட்டும். எடையைக் கூட்டிக் குறைத்து எந்தக் காற்றில் மடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் முன்கூட்டியே மடங்குகிற மாதிரி வைப்பதே என் பழக்கம். 20 ஆம்பியர் ஓடும்போதே காயிலுக்குள் ஏறக்குறைய 200 வாட் சூடாகப் போகிறது, 30 ஆம்பியர் ஆனால் 450. சாதாரண நியோடிமியம் 80 டிகிரியில் வலுவிழக்கத் தொடங்கும், ரெசினும் அதைத் தாங்காது.

கோபுரம்தான் செலவில் பாதி. 12 மீட்டர் இரும்புக் குழாய், இரண்டு உயரத்தில் நாலு திசைக்கும் இழுகம்பி, அடியில் கீல், படுக்க வைத்து நிமிர்த்துகிற மாதிரி. ஏறி வேலை பார்க்கிற கோபுரம் வேண்டவே வேண்டாம். இடம் தேர்வு செய்ய ஒரு பட்டம் விட்டோம். நூலில் மீட்டருக்கு ஒன்றாக ரிப்பன் கட்டி விட்டால், தென்னந்தோப்புக்குப் பின்னால் 15 மீட்டர் வரை ரிப்பன்கள் சுருண்டு அலைந்தன, அதற்கு மேலேதான் நேராக நின்றன. மேற்கே பிச்சிப்பூ வயல் இருக்கிற பக்கம் 7, 8 மீட்டரிலேயே எல்லாம் ஒரே திசையில் விறைத்து நின்றன. பூச்செடி இடுப்பளவுதானே, தோவாளை வரை காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து தூரம் கூடினாலும் அங்கேயே குழி தோண்டினோம். மேலிருந்து மூன்று பேஸ் கம்பியும் குழாய்க்குள்ளேயே இறங்குகிறது, 10 சதுர மில்லிமீட்டர் செம்பு. கம்பி முறுக்காமல் தொடர்பு தருகிற சறுக்கு வளையம் எதுவும் வைக்கவில்லை, ஆலை திரும்பத் திரும்பக் கம்பி முறுக்கிக்கொள்ளும், அவ்வப்போது கீழே பிளக்கைக் கழற்றி முறுக்கை அவிழ்த்தால் போதும். கோபுரத்துக்கும் இழுகம்பிகளுக்கும் எர்த் தனி.

பேட்டரி அறையில் ஏசியை டிசியாக்க மூன்று 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிபையர், தடித்த அலுமினியத் தகட்டில். இதில் சோலார்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் பேனலைத் துண்டித்துவிடும், பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காற்றாலையைத் துண்டித்தால் சுமை போய் இறக்கை தறிகெட்டு ஓடும், வோல்ட்டும் ஏறி எல்லாவற்றையும் எரிக்கும். ஆகவே ஆலை எப்போதும் பேட்டரியிலேயே இருக்கும். 28.5 வோல்ட் ஆனதும் ரிலே ஒரு தண்ணீர் டிரம்மில் கிடக்கிற ஹீட்டரைச் சேர்க்கும், மிச்சம் சுடுதண்ணீராகிவிடும். நிறுத்த ஒரு மூன்று துருவ சுவிட்ச், மூன்று பேஸையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்தால் ஜெனரேட்டரே பிரேக். அதை மெல்லிய காற்றில் மட்டும் போட வேண்டும், ஆடிக்காற்று அடிக்கும்போது போட்டால் நிற்காமல் காயில் வெந்துவிடும்.

நிமிர்த்திய அன்று மாலையே சுழன்றது. மீட்டரில் வோல்ட் ஏறி ஏறி 25-ஐத் தொட்டதும் அம்மீட்டர் முள் அசைந்தபோது அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். டேக்கோமீட்டர் வைத்துப் பார்த்ததில் சார்ஜ் தொடங்குவது 160-க்கும் 170-க்கும் நடுவே. காற்றுக் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று நாலு யூனிட் வருகிறது, மூன்று விசிறி, விளக்குகள், ஒரு டிவி, சின்ன பிரிட்ஜ் ஒன்று அதில் ஓடிவிடுகின்றன. கார்த்திகைக்குப் பிறகு பல நாள் அரை யூனிட் கூடத் தேறாது, அப்போது சோலார் பார்த்துக்கொள்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. சித்திரையில் காற்று பிடிக்குமுன் கோபுரத்தைப் படுக்க வைத்து நட்டு போல்ட் எல்லாம் இறுக்கி, பேரிங்குக்கு கிரீஸ், வால் கீலுக்கு கிரீஸ், இழுகம்பி கிளாம்புகளைச் சரிபார்ப்பு. முன் விளிம்பில் வெளி நுனிப் பக்கம் அரை மீட்டருக்கு மணலும் மழைத்துளியும் பட்டுப் பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது, அங்கே எபாக்சி பூசி, மேலே தடித்த பாலியூரித்தேன் டேப் ஒட்டியிருக்கிறேன். டேப் மூன்று இறக்கைக்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், ஒட்டிய பிறகு சமநிலையை மறுபடி பார்த்த பின்பே நிமிர்த்தினோம்.